எதிரேறிய சுள்ளி

முந்தானையில் செம்போத்தின் கூட்டை அப்படியே வாரிக் கட்டிக்கொண்டு பழனாத்தாள் கோரையாற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு சுள்ளிகூடச் சிந்தக்கூடாது. சிந்துகிற சுள்ளியே அந்த வேராக இருந்துவிட்டால்? கடலைக்காட்டு வரப்பில் இரண்டு முறை கால் வழுக்கியது. இரண்டு முறையும் கையை ஊன்றாமல், கூட்டை வயிற்றோடு அணைத்தபடி முழங்காலில் விழுந்து எழுந்தாள். விடிந்தும் விடியாத நேரம். ஆடி மாதத்து மேகம் மலையிலிருந்து இறங்கிவந்து பனைமரங்களைப் பாதிக்குமேல் விழுங்கியிருந்தது. இடது கைக்குள் ஒரு மெல்லிய இரும்புச் சங்கிலி.

அது அறுந்திருந்தது. ஓட்டம் அதற்காகத்தான்.

செம்போத்துக் குஞ்சின் காலை இரும்பால் பிணைத்து வைத்தால், தாய்ப்பறவை எந்த மலையிலிருந்தாவது சஞ்சீவி வேரைக் கொண்டுவந்து இரும்பை அறுக்கும். வேர் கூட்டோடு கிடக்கும். கூட்டைப் பிரித்து ஆற்றில் விட்டால் மற்ற சுள்ளியெல்லாம் தண்ணீரோடு போக, அது மட்டும் தண்ணீரை எதிர்த்து ஏறும். வடகரப்பதியில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் இல்லை. செய்து பார்த்தவர்கள்தான் இல்லை.

பழனாத்தாள் செய்தாள். அவளுடைய மகள் மயிலாத்தாளுக்கு ஆறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் உடம்பெல்லாம் எழுந்தது, வலது கால் மட்டும் எழுந்திருக்க மறந்துவிட்டது. ஊர் கேரளாவில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வைத்தியத்துக்கு இன்னும் கோயமுத்தூர்தான். அங்கே டாக்டர், இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டால் பிள்ளை நடக்கும் என்று சொல்லி, வருகிற புதன்கிழமை அளவெடுக்க வரச்சொல்லியிருந்தார்.

"என்ற புள்ளைக்கு லாடம் அடிக்கோணுமா?" என்று புருஷனிடம் சண்டை போட்டாள்.

"லாடம் அடிச்ச மாடுதான் சந்தைக்குப் போய்ட்டு ஊடு வந்து சேருது," என்றான் நல்லமுத்து.

அன்றைக்கே அவள் பிச்சைமணி ஆசாரியின் உலைக்குப் போனாள். விரல் நீளத்துக்குச் சங்கிலி கேட்டதும் ஆசாரி துருத்தியை நிறுத்தினான். "ஏனம்மிணி, எலியைப் பூட்டி உழவு ஓட்டப்போறியா?"

"உன்ற வாயைக் கட்டத்தான்," என்று வாங்கிக்கொண்டு வந்தாள். கூடு அவள் காட்டு ஓரத்துத் தாழம்புதரில், எட்டும் உயரத்தில்தான் இருந்தது. உள்ளே ஒற்றைக் குஞ்சு.

கட்டிவிட்டு வந்த மறுநாளே இடைஞ்சல் வந்து சேர்ந்தது. கல்பாத்தி ஐயர் ஒருத்தர், வெங்கிடேஸ்வரன் என்று பெயர், ஒலவக்கோட்டு ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. பறவைப் படம் எடுப்பதில் பித்து. செம்போத்து இரை ஊட்டுகிற படம் கிடைத்தால் அட்டையில் போடுவதாகச் சென்னைப் பத்திரிகை ஒன்று சொல்லியிருந்ததாம். லீவு போட்டு, காமிராவும் முக்காலியுமாக வந்து நின்றார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாரே. பழனாத்தாள் சரி என்றாள்.

ஓலைத்தட்டியை மறைப்பாகக் கட்டி அவர் உள்ளே உட்கார்ந்தார். கூட்டை மறைத்த தாழை மடலை ஒடிக்காமல், சணல் கயிற்றால் ஓரமாக இழுத்துக் கட்டினார்; எழுந்து போகும்போது அவிழ்த்துவிட்டார்.

"ஒடிச்சுப் போடுங் சாமி, முள்ளுத்தானுங்களே."

"ஒடிச்சா வெயில் நேரா குஞ்சு மேலே விழும். காக்கா கண்ணுலயும் பட்டுடும். ஒரு படத்துக்காக ஓரெலைகூட ஒடிக்கப்படாது, கேட்டேளா."

ஐந்து நாள் அப்படிப் போயிற்று. காட்டில் களை எடுத்தபடியே அவள் பார்ப்பாள். மழை மூட்டத்துக்குள் செம்பழுப்பு இறக்கை ஒன்று தாழ்வாக மிதந்து வரும். அலகில் ஓணான், நத்தை, வெட்டுக்கிளி. வேர் மாதிரி ஏதாவது தொங்குகிறதா என்று கண்ணை இடுக்குவாள். பறவை புதருக்குள் நுழையும், தட்டிக்குள்ளிருந்து 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரங்களில் காடு, மழை, தட்டி எல்லாமே யாரோ தூக்கத்தில் கண்டுகொண்டிருப்பது போல இருக்கும். சாயங்காலமானால்தான், சங்கிலி அவர் கண்ணில் பட்டிருக்குமோ என்று பயம் வரும்.

"நல்லாத் தெரியுதுங்களா, சாமி?"

"தலை நன்னாத் தெரியறது. குஞ்சு ஆடாம அனங்காம இருந்து குடுக்கறது," என்பார். குஞ்சின் காலைப் பற்றிப் பேச்சில்லை. அவள் நிம்மதியாக வீடு திரும்புவாள்.

இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தால் குஞ்சைக் காணோம். சங்கிலி இரண்டு துண்டாகக் கிடந்தது.

ஆற்றில் முழங்கால் மட்டும் புதுத்தண்ணீர், செம்மண் நிறத்தில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. பழனாத்தாள் நடுவே ஒரு பாறையில் சாய்ந்து நின்று கூட்டைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக விட்டாள். சுள்ளி போனது. புல் போனது. காய்ந்த மூங்கில் இலை சுழன்று சுழன்று போனது. ஒவ்வொன்று போகும்போதும் நெஞ்சில் ஒரு பிடி மண் சரிந்தது. முக்கால் கூடு போய்விட்டது. பிறகு, கறுத்து வளைந்த ஒரு சின்னக் குச்சி தண்ணீரில் விழுந்தது, தயங்கியது, திரும்பியது. பாறை ஓரமாக, கிழக்கே, சூரியன் வருகிற பக்கம், யாரோ நூல் கட்டி இழுப்பது போல மெல்ல ஏறியது.

அவள் அதைப் பிடித்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். கண்ணீர் மோவாயில் சொட்டியது. வீட்டு வாசலிலிருந்து மயிலாத்தாள் ஓடி வருவதை, கொலுசு இரண்டும் ஒரே தாளத்தில் விழுவதை மனசுக்குள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அம்மா." கரையில் வெங்கிடேஸ்வரன், தோளில் பையும் கையில் முக்காலியுமாக. "சொல்லிண்டு போலாம்னு உங்காத்துக்குப் போனேன். இந்தப் பக்கமா ஓடினதாச் சொன்னா."

"சாமி, ஏறுச்சுங்," என்றாள். கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள்: மகளின் கால், சங்கிலி, வேர். "புதன்கெழம இனிக் கோயமுத்தூர் போவ வேண்டியதில்லீங். பூட்ஸ் வேண்டாமுங்."

அவர் பாறையைப் பார்த்தார். அதன் முதுகுப் பக்கம் தண்ணீர் மடங்கித் திரும்புகிற இடத்தில் ஒரு நுரைக்கட்டியும் மேலேறிப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்து மூடினார். முக்காலியை மணலில் வைத்தார்.

"சங்கிலியை அறுத்தது நானாக்கும்."

பழனாத்தாள் சிரித்தாள். ஐயர்மாருக்கு விளையாட்டுப் பேச்சு.

"நேத்து அந்திக்கு. பையிலே கொறடு இருந்தது. புள்ளைக்கு அளவெடுக்கப் போயிடுங்கோ."

மூடிய கை மூடியபடியே இருந்தது. தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. "எப்பப் பாத்தீங்?" என்றாள்.

"மொத நாளே." அவர் அவளைப் பார்க்கவில்லை. "கட்டாம இருந்தா ரெண்டாம் நாளே எறங்கிப் போயிருக்கும். எனக்குப் படம் கெடைச்சிருக்காது. இரும்பு படாம நீங்கோ துணி சுத்தியிருந்தேள்; வலிக்காதுன்னு நானே எனக்குச் சொல்லிண்டேன். கடைசி பிலிம் தீர்ந்தப்பறந்தான் கொறட்டை எடுத்தேன்."

"குஞ்சு?" அவள் கரைப் பக்கம் ஓரடி வைத்தாள். "பறந்து போச்சுங்களா?"

"பறக்கலை." புதர் எந்தப் பக்கம் என்று தேடுகிறவர் போல மூட்டத்துக்குள் திரும்பிப் பார்த்தார். "தாய் முன்னாலே வரப்பிலே போயிண்டிருந்தது. நாலடி போகும், நின்னு கூப்பிடும். குஞ்சு பின்னாலயே போச்சு, ஒரு காலை இழுத்துண்டு."