தண்ணி தெரியும் வீடு

எங்கள் ஆட்கள் கடலைக் கடல் என்று சொல்ல மாட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் தண்ணி. தண்ணிப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்பார்கள், இன்றைக்குத் தண்ணி முரட்டுத்தனமாக இருக்கிறது என்பார்கள். இந்தப் பேச்சு ஒருநாள் எங்கள் தலையிலேயே கல்லைப் போடும் என்று யாருக்குத் தெரியும்?

மாநகராட்சியின் பழைய நாலு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். குழாயில் தண்ணீரைவிடத் துரு அதிகம் வரும். மாடிப்படி எப்போது யார் காலை வாரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாச் சன்னலும் கடலைப் பார்த்திருக்கும். இதுகளுக்கெல்லாம் எதற்கு இவ்வளவு பெரிய கடல் என்று ஒரு கட்டுமான நிறுவனத்துக்குத் தோன்றியது. நிறுவனத்துக்குத் தோன்றினால் மாநகராட்சிக்கும் தோன்றாமல் இருக்குமா? கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே பணக்காரர்களுக்கு ஒரு கோபுரம், அதே மனையில் எங்களுக்குப் பழைய வாடகைக்கே புது வீடுகள் என்று முடிவானது.

என் அக்காதான் குடியிருப்போர் சங்கத் தலைவி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஊரார் அழுக்கைப் பார்த்துப் பழகியவள் என்பதால் யாருக்கும் பயப்பட மாட்டாள். வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, சன்னலைத் திறந்தால் தண்ணி தெரியணும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

அத்தானுக்காகத்தான் கேட்டாள். அவர் இழுவைப்படகில் எஞ்சின் பார்த்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறித்தான் வரும். கட்டிலைச் சன்னலோரம் போட்டால், போகிற வருகிற படகையெல்லாம் பார்த்து, ஓட்டத் தெரியாதவர்களை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு பொழுதைக் கழிப்பார். அந்தச் சன்னலையும் பிடுங்கிக்கொண்டால் மனிதர் சுவரைப் பார்த்தே செத்துப்போவார் என்று அக்கா பயந்தாள். நானும் பயந்தேன்.

கூட்டத்துக்கு நிறுவனத்தின் மேலாளர் வந்தார். வேகிற வெயிலிலும் டை கட்டியிருந்ததால் அவருக்கு டை என்றே பெயர் வைத்துவிட்டோம். எங்கோ தூரத்தில் படித்தவர், தமிழ் அரைகுறை. அக்கா கேட்டதும் எழுந்து மார்பில் கைவைத்துச் சொன்னார்.

"கவலையே வேணாம். உங்க எல்லாருக்கும் நாங்க தண்ணி காட்டுறோம்."

மண்டபமே குலுங்கியது. நாங்கள் மகிழ்ச்சியில் சிரிக்கிறோம் என்று நினைத்து டையும் சேர்ந்து சிரித்தார். மாநகராட்சி வீட்டுவசதி அதிகாரியம்மா மட்டும் சிரிக்காமல், எல்லா வீட்டிலிருந்தும் தண்ணீர் தெரிய வேண்டும் என்று அதை நிபந்தனையாக்கினார். நாங்கள் கைதட்டினோம். எங்களைப் போல மண்டுகள் உலகத்தில் உண்டா?

கட்டி முடிக்கும் வரை ஆளுக்கொரு மூலையில் ஒண்டிக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். கடலோரம் கோபுரம் நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் எங்கள் கட்டடம். அக்கா ஓடிப்போய்ச் சன்னலைத் திறந்தாள். கீழே தண்ணி தெரிந்தது. நீலச் சதுரக் கற்கள் பதித்த, கோபுரத்துக்காரர்களின் நீச்சல் குளம்.

டையிடம் போய்ச் சண்டை போட்டோம். தண்ணி கேட்டீர்கள், தந்தோம், கடல் என்று யார் சொன்னது என்றார். இதற்குள் தமிழை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். அக்கா அன்று வீட்டுக்கு வந்து சன்னலைச் சாத்தியவள்தான், பல நாள் திறக்கவில்லை.

புழுக்கம் தாங்காமல் ஒரு மாலை நான்தான் திறந்தேன். கோபுரத்துப் பல் டாக்டர் ஒருவர், நல்ல கனத்த உடம்பு, பலகையிலிருந்து குதித்தார். குளத்தில் பாதி வெளியே வந்துவிட்டது. கட்டிலிலிருந்து ஏதோ சத்தம் கேட்டுப் பதறித் திரும்பினேன். அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல கையின் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். பத்துக்கு இரண்டு மதிப்பெண்ணாம்.

அதற்குப் பிறகு நாலு மாடியும் சன்னலுக்கு வந்துவிட்டது. மாலையானால் நாற்காலி, டீ, சத்தமாக மதிப்பெண். ஒழுங்காக நீந்தினால் பாராட்டவும் செய்தோம், சும்மா சொல்லக் கூடாது.

கோபுரத்து லிஃப்டைப் பராமரிப்பது நான்தான். லிஃப்டுக்குள் மனிதர்கள் மனதிலிருப்பதைப் பேசுவார்கள், மெக்கானிக்கை அவர்கள் ஆளாகவே மதிப்பதில்லை. இத்தனை கோடி கொட்டியும் கண்காட்சி மிருகம் மாதிரி குளிக்க வேண்டியிருக்கிறது என்று பல் டாக்டரின் மனைவி பொருமியதைக் கேட்டேன். அன்று மாலையே டை எங்கள் வீட்டுக்கு வந்தார். தயவுசெய்து எல்லோரும் திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்.

"திரையைப் போட்டா தண்ணி எப்படிங்க தெரியும்? காட்டுறேன்னு சொன்னது நீங்கதானே?" என்றாள் அக்கா.

டை வேறு வழி பார்த்தார். குளத்துக்கு மேல் கூரை போட்டுவிட்டார். அக்கா கூரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அத்தனை நாள் காணாத வெளிச்சம். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அதிகாரியம்மாவிடம் போனாள். சன்னலைத் திறந்தால் தகரம்தான் தெரிகிறது, சொட்டுத் தண்ணி இல்லை என்றாள். ஏமாற்றப்பட்டதில் அந்த அம்மாவுக்கும் உள்ளுக்குள் புகைச்சல். நிபந்தனையை மீறியதாகக் கோபுரத்தின் அனுமதியை அன்றே நிறுத்திவைத்தார்.

கூரையைப் பிரித்தால் கோபுரத்துக்காரர்கள் விட மாட்டார்கள், பிரிக்காவிட்டால் மாநகராட்சி விடாது. டை நன்றாக மாட்டிக்கொண்டார். துறைமுகத்து டீசல் நாற்றத்தால் விலைபோகாமல் கிடந்த, கடலைப் பார்த்த கோபுரத்தின் கீழ்த்தளங்களைப் பழைய வாடகைக்கே எங்களுக்குக் கொடுத்தது நிறுவனம். எங்கள் கட்டடம் அவர்களுக்கு அலுவலகமாயிற்று. இப்போது குளத்தின் தகரக் கூரையைப் பார்ப்பது டைதான்.

குடிபோன அன்று கட்டிலைச் சன்னலோரம் போட்டோம். டீசல் நாற்றம் எங்களுக்குப் பழைய சொந்தக்காரன். எதிரே கடல் முழுசாகக் கிடந்தது. அத்தான் கடலையே பார்த்தார். அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பல் டாக்டர்... இன்னிக்கு... குதிச்சாரா?" என்றார் அத்தான்.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. இதற்காகவா ஊரோடு சண்டை போட்டேன் என்று கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்த மனிதரைக் கட்டிலோடு தூக்கிக் கடலில் போடலாம் போலிருந்தது.

அத்தான் நல்ல கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. கடலைவிட்டுப் பார்வையை எடுக்காமல், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"உனக்கே... தண்ணி காட்டிட்டேன்... பாத்தியா."