பச்சையில் இருந்த ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர் முதல் பெட்டியைக் கிழித்தான். முகக்கவசத்தின் நாடாவை இழுத்தான்; பட்டென்று அறுந்தது. அடுத்ததும் அப்படியே. ஆறு பெட்டிகளையும் கொட்டிப் பார்த்துவிட்டான். ரப்பர் மக்கிப்போய் சருகாக உதிர்ந்தது.

காலையில்தான் மூச்சுத் திணறலோடு மூன்று பேர் வந்திருந்தார்கள். பக்கத்து நாட்டுக் காய்ச்சல் இங்கேயும் வந்துவிட்டது என்று பத்து மணிக்குத்தான் செய்தி. அதற்குள் அவர்களைத் தொட்டுத் தூக்கிப் படுக்க வைத்திருந்தாள் வார்டின் தலைமை நர்ஸ். அவனுடைய அக்கா.

இப்போது ஸ்டோர் வாசலுக்கு நாலடி தள்ளி நின்றாள்.

"என்னடா ஆடி அசைஞ்சுக்கிட்டு? மாஸ்க் எங்க?"

"அக்கா... ஒண்ணுகூடத் தேறாது."

"விளையாடாத. போன வருஷம் ஆறாயிரம் இருக்குன்னு நீதான எழுதிக் குடுத்த?"

அவன்தான் எழுதினான். 'கொள்ளைநோய் வந்தால் தயாரா?' என்று தலைமை அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருந்தது. பெட்டிமேல் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து நிரப்பினான், ஒன்றையும் பிரிக்கவில்லை. பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தயார் என்று பட்டியலில் ஆஸ்பத்திரிக்குப் பச்சை நிறம் கிடைத்தது.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. அவள் தன் முகத்திலிருந்த மாஸ்க்கைத் தொட்டுக் காட்டினாள்.

"காலையிலேர்ந்து இந்த ஒண்ணுதான்டா. இதுவும் நனைஞ்சுபோச்சு."

அவன் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"உங்க ஆஸ்பத்திரி பச்சையில இருக்கே சார்," என்றாள் அங்கிருந்த பெண். "சிவப்புல இருக்கறவங்களுக்குத்தான் முதல் லாரி."

"அந்தப் பச்சை நான் எழுதின பொய்ம்மா. என் பேரை எழுதிக்குங்க, வேலை போனாலும் போகட்டும். காய்ச்சல் வார்டுல எங்க அக்கா நிக்கறா."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்கு இப்படிச் சொல்ற பதினோராவது ஆள் சார் நீங்க."



லாரி மூன்றாம் நாள் வந்தது, பாதிச் சுமையோடு. அதற்குள் அக்கா தன் வார்டிலேயே நோயாளியாகப் படுத்திருந்தாள். பதினாறு நாள் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முதல் நாள் அவளோடு வார்டைக் கழுவிய துப்புரவுத் தொழிலாளி உயிரோடு வரவில்லை.

"அவருக்கு எப்படிண்ணே ஒட்டிச்சு?" என்று அவர் மனைவி ஸ்டோருக்கே வந்து கேட்டாள்.

படிவத்தில் எழுதிய பொய்யிலிருந்து 'பதினோராவது ஆள்' வரை ஒன்றுவிடாமல் சொன்னான். கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று பயந்திருந்தான். அவள் லாரியில் புதிதாக வந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ மத்த ஊர்லயும் இப்படித்தானா?" என்றாள்.