தவளை நாக்கும் வீட்டுக்காரர் நாக்கும்

மூன்று மாதமாக அந்த ஆராய்ச்சிக்காரியிடம் ஒரு தவளையும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரரோ வாயை மூடவே இல்லை. "சாப்பாட்டுல உப்பு இல்ல" என்று எட்டு வருஷமாக ஒரே பாட்டு. "உங்க நாக்குதான் சரியில்ல" என்று அவளும் எட்டு வருஷமாக அதே பதிலைச் சொல்லிவந்தாள்.

வேலை என்னவோ எளிதுதான். தவளை நாக்கிலிருந்து எடுத்த சுவை செல் ஒன்று கண்ணாடித் தட்டில் கிடக்கும். அதன் நுனியில் உப்புக் கரைசல் பட்டால், செல்லின் மேலுள்ள நுண்ணிய வாசல்கள் வழியாகச் சோடியம் அயனிகள் திபுதிபுவென்று உள்ளே புகும். மின்சாரம் ஓடும். திரையில் கோடு துள்ளும். இன்றைக்குத் துள்ளாவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

அவர் வந்து நின்றார். அவள் ஒரு சொட்டு விட்டாள். கோடு காலை நீட்டிப் படுத்தே கிடந்தது. இன்னொரு சொட்டு விட்டாள். ம்ஹும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"செல்லு செத்துப்போச்சும்மா, மூட்டையைக் கட்டு" என்று பேராசிரியர் தட்டின் மேல் குனிந்தார். கனத்த மனிதர், நாலு மாடி ஏறி வந்திருந்தார். மூக்கு நுனியிலிருந்து ஒரு வேர்வைத் துளி தட்டுக்குள் விழுந்தது.

கோடு எகிறிக் குதித்தது.

"பாத்தியா! நான் வந்து நின்னாதான் வேலையே நடக்குது!" என்று அவர் பூரித்துப்போனார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"சார்... அது உங்க வேர்வை."

பேராசிரியர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் வேர்வை கரிக்குது, உன் கரைசல் கரிக்கலியா? அதுல என்னத்தம்மா போட்டே?"

அவள் அலமாரியைத் திறந்தாள். ஆராய்ச்சிக்கென்று வாங்கிய உப்பு டப்பா, முத்திரைகூடப் பிரிக்காமல், மூன்று மாதத் தூசியோடு உட்கார்ந்திருந்தது. தண்ணீரை அளந்திருக்கிறாள், காய்ச்சியிருக்கிறாள், ஆறவைத்துப் புட்டியில் ஊற்றி "உப்பு" என்று முத்துமுத்தாக எழுதி ஒட்டியிருக்கிறாள். உப்பைத்தான் போடவில்லை.

வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. முத்திரையைக் கிழித்து, உப்பை நிறுத்துப் போட்டுக் கலக்கி, புதுச் சொட்டு விட்டாள். கோடு துள்ளியது. மறுபடி விட்டாள், மறுபடி துள்ளியது. ஆராய்ச்சியை மூடக் கொண்டுவந்த ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேராசிரியர் நடையைக் கட்டினார்.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, உங்க நாக்குல ஒரு குறையும் இல்லீங்க."

மறுமுனையில் வீட்டுக்காரர் கேட்டார்: "யாரு சொன்னா?"

"தவளை."

"எட்டு வருஷமா நான் சொன்னது காதுல ஏறல, தவளை சொன்னா நம்புவியா? சாயந்திரம் வரும்போது அதையும் கூட்டிட்டு வா. இனிமே அதுவே ருசி பாக்கட்டும்."