இன்னும் இல்லை

பன்னிரண்டாவது முறையும் நாணயங்கள் இரண்டும் ஒன்றுபோலவே விழுந்தன.

படைத்த சோற்றை இறந்தவர் சாப்பிட்டு முடித்தாரா என்று நாணயம் வீசிக் கேட்காமல் தைவானின் சின்சூவில் யாரும் சவப்பெட்டியை எடுப்பதில்லை. ஒன்று பூ, ஒன்று தலை என்றால் ஆயிற்று. இரண்டும் ஒன்றென்றால் இன்னும் இல்லை. நாற்பது வருடம் மின்னணுச் சில்லு வடிவமைத்து, இப்போது பெட்டிக்குள் கிடந்த லியாவ், இன்னும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருந்தப்பவே எங்க அண்ணன் ஒரு மீட்டிங்லயும் சரின்னு சொன்னதில்ல," என்றார் சித்தப்பா. "பெய்யுன், படைச்ச மீன் அப்பாவுக்குப் பிடிக்கலையான்னு கேளு."

மகள் கேட்டு வீசினாள். பதின்மூன்றாவதும் அப்படியே. எட்டாயிரத்தில் ஒரு வாய்ப்பு. அவளும் பொறியாளர்; நாலாயிரத்தில் ஒன்று வரைக்கும் பொறுத்திருந்தவள் இப்போது நாணயங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்பாவின் வேலைதான் அவளுக்கும். சில்லுக்குள் இரண்டு மின்னலைகள் சேர்ந்து ஓடவேண்டும். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று மின்சுற்றில் ஒரு உறுப்பு பார்த்துச் சொல்லும். அது என்ன சொல்லும் என்பதை முன்கூட்டியே கணிப்பொறியில் மாதிரி போட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. அலைகள் ஒன்றியபோதும் அந்த உறுப்பு மெல்லியதாய் ஒரு துடிப்பு கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பார் அப்பா. "வாயைக் கட்டினா காதும் போயிடும்மா. சின்ன வித்தியாசம் வந்தா தெரியாது."

போன வாரம் அவள் துடிப்பை எடுத்துவிட்டாள். மாதிரியில் இரைச்சல் குறைந்தது, மேனேஜர் கைதட்டினார். ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டார்: "துடிப்பு இருக்குல்ல?"

"இருக்குப்பா."

இன்று நண்பகலில் அந்தச் சில்லின் வரைபடம் அதைச் செய்யும் ஆலைக்குப் போகிறது.

பதினான்கும் அப்படியே விழுந்தது. பெட்டி தூக்க வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"குவாங், ஃபைல் அனுப்பிட்டியா?"

"பத்து நிமிஷத்துல அனுப்பிடுவேன்க்கா. நீங்க இன்னிக்கி எதுக்கு இதெல்லாம்…"

"அனுப்பாத. துடிப்பை எடுத்தது தப்பு. அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"மேனேஜர் உங்கள உரிச்சிடுவாருக்கா. ஆறு மாச வேலை!"

"உரிக்கட்டும். நிறுத்து."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நிறுத்திட்டேன்."

அவள் எதையும் கேட்காமல் வீசினாள். ஒரு பூ, ஒரு தலை.

"மீன் பிடிச்சுப்போச்சு," என்று சித்தப்பா தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பெட்டியைத் தூக்கிய எட்டுப் பேரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஒருவர் நடை மற்றவருக்கு ஒத்துவரவில்லை. சந்தில் பாதி தூரம் போவதற்குள் எல்லாப் பாதங்களும் ஒரே நேரத்தில் தரையில் பதிந்தன. யாரும் தாளம் சொல்லவில்லை. பின்னால் நடந்த பெய்யுனின் செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்சம் பிந்திக் கேட்டது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. தேநீர்க் கடைத் திருப்பம் வந்தபோது அந்தச் செருப்புச் சத்தம் தனியாகக் கேட்கவில்லை.