சுவிட்ச் போட்டவள்

வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் பெஞ்சில் சுகுணா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை அவிழ்க்கக்கூட நேரம் கொடுக்காமல் கூட்டி வந்திருந்தார்கள். அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டி அவள் காலடியில் தேங்கியது.

தேவாலாவில் தரணிதரனுடைய தேயிலைத் தோட்டத்து வேலியோரம், விடியும்போது ஒரு பெண் யானை செத்துக் கிடந்தது. சுகுணாவுக்கும் அவள் புருஷன் மனோகரனுக்கும் அந்தத் தோட்டத்தில்தான் வேலை, அங்கேயே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பு. மோட்டார் ரூம் லயத்தை ஒட்டி இருந்ததால், பொழுது சாய்ந்ததும் வேலிக்குக் கரண்ட் விடும் வேலையை முதலாளி அவளிடம் ஒப்படைத்திருந்தார். பேட்டரிக் கரண்ட்தான், தொட்டால் சுள்ளென்று இழுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார். போன வாரம் முதலாளி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து எதையோ மாற்றினார். மெயின் லைனிலிருந்தே ஒயரைக் கோத்திருந்தார்கள் என்பது அவளுக்கு இன்று காலையில்தான் தெரிந்தது.

"சுவிட்ச் போட்டது யாரு?" என்று ஃபாரஸ்டர் கேட்டார்.

"நாந்தாங்க சார்."

அவர் எழுதிக்கொண்டார். ஒயரைக் கோத்தது யார் என்று அடுத்துக் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு எழுந்து போனார்.

மத்தியானம் முதலாளியின் வக்கீல் வந்தார். கூடவே மனோகரன், நனைந்த தலையோடு.

"பயப்படாதம்மா. வெவரம் தெரியாம நாந்தான் ஒயர மாத்தி மாட்டிட்டேன்னு கோர்ட்ல சொல்லிரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன். சீக்கிரமே வெளிய கொண்டாந்துருவேன்" என்று, தன்னையே அவள் வக்கீலாக வைத்துக்கொள்ளும் வக்காலத்துத் தாளை நீட்டினார்.

"நான் ஒயரத் தொடவே இல்லீங்களே."

"இப்படியே பேசிட்டிருந்தா வருசக்கணக்குல உள்ள கெடக்க வேண்டியதுதான்."

சுகுணா புருஷனைப் பார்த்தாள். "கையெழுத்துப் போட்டுரு சுகுணா. மொதலாளி லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டா, புள்ளைங்கள இழுத்துக்கிட்டு இந்த மழையில நான் எங்க போவேன்?" என்றான்.

பேனாவை வாங்கினாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் ஜீப் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். "கோர்ட்ல வெச்சுப் போட்டுக்கலாம்" என்று வக்கீல் தாளை மடித்துக்கொண்டார்.

பந்தலூர் கோர்ட் வராந்தாவில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் பேரு கெஸியா. இலவச சட்ட உதவி வக்கீல். உங்களுக்கு வக்கீல் இருக்காங்களா அக்கா?"

"மொதலாளி ஒருத்தர அனுப்பியிருக்காருங்க."

"அவரு மொதலாளிக்கு வக்கீல். வேலி போட்டது மொதலாளின்னு அவரு எப்படிச் சொல்லுவாரு?"

"எங்ககிட்ட காசு இல்லீங்க" என்றாள் சுகுணா.

"காசே வேண்டாம். இது உங்க உரிமை. எனக்கு வேற வக்கீல் வேணும்னு ஜட்ஜ் ஐயாகிட்ட சொல்லுங்க, போதும். செய்யாத ஒன்ன செஞ்சேன்னு சொல்ல உங்கள யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

"சுவிட்ச் போட்டேன்னு சொல்லித் தொலைச்சுட்டேனுங்களே."

"சொன்னா சொன்னதுதான். ஆனா ஒயர் கோத்தது யாருன்னு உங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"அதக் கேக்க வைக்கணும். அதுக்குத்தான் வக்கீல்."

"வெளிய வந்துருவேனுங்களா?"

"இன்னைக்கு ரிமாண்ட் பண்ணுவாங்க அக்கா. ஜாமீனுக்கு நாளைக்கே மனு போடறேன். கெடைக்கும்னு நம்பறேன். சத்தியம் பண்ணித் தர முடியாது."

உள்ளே மாஜிஸ்ட்ரேட், யாராவது அடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டார்.

"நான் ஆஜராகறேன் யுவர் ஆனர்" என்று முதலாளியின் வக்கீல் எழுந்தார்.

கதவோரம் நின்றிருந்த மனோகரன், எதிர்த்துப் பேச வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையாட்டினான். சுகுணா கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு... எனக்கு வேற வக்கீல் வேணுங்க ஐயா."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்றார் மாஜிஸ்ட்ரேட். மறுபடி சொன்னாள். மனோகரன் தலையைக் குனிந்துகொண்டான். கெஸியா முன்னால் வந்தாள். முதலாளியின் வக்கீல் போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

பதினைந்து நாள் ரிமாண்ட். கோவை ஜெயிலுக்குப் புறப்பட்ட ஜீப், தேவாலா தாண்டியதும் ஊர்ந்தது. ரோட்டோரம் கூட்டம். போஸ்ட்மார்ட்டம் முடிந்து யானையைப் புதைக்க ஜேசிபி குழி தோண்டிக்கொண்டிருந்தது. யாரோ ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். பொம்பளைகள் சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. வெள்ளை வேட்டி சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்தபடி முதலாளி தரணிதரன் முன்னால் வந்தார். ஒருவன் அவருக்குக் குடை பிடித்தான். பெரிய சாமந்தி மாலை ஒன்றை யானையின் துதிக்கை மேல் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன.

சுகுணாவின் பக்கத்தில் இருந்த பெண் காவலர், ஜீப்புக்குள் இருந்தபடியே செருப்பைக் கழற்றிவிட்டு யானையைப் பார்த்துக் கும்பிட்டாள்.