மன்னித்தால் வாள்

எங்கள் அலுவலகத்தில் நான் எழுதுவதற்குச் 'சில்லறை' என்று பெயர். வெளியில் அதை சைட் குவெஸ்ட் என்பார்கள். வீடியோ கேமில் வீரன் கடைசிக் கோட்டையை நோக்கிப் போகிற வழியில் யாராவது நிறுத்தி ஓர் உதவி கேட்பார்கள். செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் போகலாம். கோட்டை அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. அப்படி வழியில் நிற்கிறவர்களையும் அவர்கள் பேசுகிற பேச்சையும் எழுதுவதுதான் ஏழு வருடமாக என் பிழைப்பு.

பெரும்பாலும் குப்பை. பத்து மூலிகை பறித்து வா, எட்டு ஓநாயைக் கொன்று வா, இந்த மூட்டையை அந்த ஊருக்குக் கொண்டுபோ. மூலிகையின் நிறத்தை மாற்றினால் அடுத்தது தயார். ஒரு மாதிரிப் படிவம்கூட இருக்கிறது. உதவி கேட்பவரின் தொழில், தொலைந்த பொருள், திரும்பி வந்ததும் சொல்லும் நன்றி என்று கட்டங்கள். கட்டத்தை நிரப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம்.

எங்கள் தலைமை வடிவமைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. கேம் முடியப்போகிற மாதங்களில் வெளியாட்கள் நூறு பேரை வரவழைத்து விளையாட வைப்பார். எந்த சைட் குவெஸ்டை நாற்பதுக்கும் குறைவானவர்கள் முடிக்கிறார்களோ, சுவரில் அதன் பெயர்மேல் சிவப்புத் தாள் விழும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சிவப்பெல்லாம் கேமிலிருந்து போய்விடும்.

அந்த வாரம் படகுக்காரன்மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. நூற்றுக்கு இருபத்து மூன்று பேர்.

படகுக்காரன் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பான். கண் மங்கிப்போனவன். இளமையில் அவன் அக்கா பலகை பலகையாகச் சேர்த்து ஒரு படகு செய்தாள். அவள் அசந்த நேரத்தில் அதை அவிழ்த்துக்கொண்டு இவன் அக்கரைக்குப் போய்விட்டான். அதை ஓட்டியே பெயர் வாங்கினான். இப்போது யார் காலடி கேட்டாலும், "அக்கா, நீயா?" என்கிறான். மூன்று முறை போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் முழுவதையும் சொல்லி மன்னிப்புக் கேட்பான். கேட்டு முடித்ததும் திரையில் மூன்று பதில்கள் வரும். மன்னித்தேன். மன்னிக்க மாட்டேன். நான் உன் அக்கா இல்லை. எதை அமுக்கினாலும் குவெஸ்ட் முடிந்தது. எதை அமுக்கினாலும் ஒன்றும் கிடைக்காது.

படிவம் பார்க்காமல் நான் எழுதியது அது ஒன்றுதான். ஒரே ஓர் ஆளுக்காக எழுதினேன். என் அக்காவுக்காக.

நான் பத்தொன்பது வயதில் சுற்றித் திரிந்தபோது, என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா ஒரு தடித்த நோட்டில் சைட் குவெஸ்ட்களாக எழுதிக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பது. மணி அடிப்பவன் ஒருவன், தனக்குக் காது போய்விட்டதை ஊருக்குத் தெரியாமல் மறைக்க ஆள் தேடுவான். இப்படிப்பட்டவை. "ராஜாவைக் காப்பாத்த ஆயிரம் பேர் வரிசையில நிக்கிறாங்கடா. கிணத்துல செருப்பை விட்டவனுக்கு யாரு இருக்கா?" என்பாள். எந்த கேமையும் அவள் கடைசிக் கோட்டைவரை விளையாடியதில்லை. சைட் குவெஸ்ட் எதையும் பாதியில் விட்டதுமில்லை.

இந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, அந்த நோட்டிலிருந்து ஆறை எடுத்து என் பெயரில் அனுப்பினேன். வேலை கிடைத்தது. அவள் எப்படியும் அனுப்ப மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுப்பினாள், மூன்று வாரம் கழித்து. 'எங்கள் எழுத்தாளர் ஒருவரின் படைப்பை நகலெடுத்திருக்கிறீர்கள், இனி விண்ணப்பிக்க வேண்டாம்' என்று நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே போனில் அதைப் படித்தாள். எதிரில் நான்.

"எத்தனை எடுத்தே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆறு."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அதன்பிறகு எங்களுக்குள் 'சாப்பிட்டியா', 'கதவைப் பூட்டினியா' தவிர வேறு பேச்சில்லை. இப்போது அவள் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரம் தேய்க்கிறாள். அம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது, "உன் தம்பியைப் பாரு, சொந்த மூளையை வச்சே முன்னுக்கு வந்துட்டான்" என்பாள். அக்கா நகத்தில் ஒட்டிய கண்ணாடித் தூளைச் சுரண்டிக்கொண்டே, "ஆமாம்மா" என்பாள்.

முதல் கேம் வந்தபோது எல்லோரும் அந்த ஆறைத்தான் பாராட்டினார்கள். அந்த கேமை மட்டும் அக்கா தொடவேயில்லை. ஆறும் தீர்ந்தபின் என்னிடம் ஓநாய்கள்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை கத்திரியின் அறைக்குப் போனேன். தூங்குமூஞ்சி ஏற்கனவே அங்கே இருந்தான். வெளியாட்களை விளையாட வைத்துக் குறிப்பெடுப்பது அவன் வேலை. எந்தக் கூட்டத்திலும் பாதிக் கண்ணோடுதான் உட்கார்ந்திருப்பான்.

"சார், படகுக்காரனை மட்டும் விட்டுடுங்க."

"ஏன், அவன் உனக்குச் சொந்தக்காரனா?" என்றார் கத்திரி, திரையிலிருந்து கண் எடுக்காமல்.

"ஜனங்களுக்குப் பிடிக்கலப்பா," என்றான் தூங்குமூஞ்சி. "ஒருத்தர் என்ன எழுதிக் குடுத்தாரு தெரியுமா? 'என் வீரன் ஆறடி, இடுப்பு வரைக்கும் தாடி. அவனைப் போய் அக்காங்கறான்.'"

"அவனுக்குக் கண்ணு தெரியாதுடா."

"அந்தத் தாடி நடந்து வர்ற சத்தமே கேக்கும்."

கத்திரி சிரித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "எழுத்து மோசமில்ல. உன்னோட பழைய ஆறு மாதிரி இருக்கு. ஆனா மூணு தடவை போய் உக்காரணும், கடைசியில கையில ஒண்ணும் வராதுன்னா எவன் உக்காருவான்? கடைசில அவன் ஒரு வாள் குடுக்கட்டும். நல்ல வாளா."

"சும்மா குடுக்கறதா?"

"சும்மா ஏன்? மன்னிச்சா வாள். மன்னிக்கலேன்னா குவெஸ்ட் முடியாது, பட்டியல்ல பாக்கியா நிக்கும். அப்பத்தான் திரும்பி வருவாங்க. சாயந்தரத்துக்குள்ள மாத்திட்டு வா. இல்லேன்னா வெட்டிடறேன்."

மாற்றுவதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற இரண்டு பதில்களை முடிவிலிருந்து கழற்றிவிட்டு, 'மன்னித்தேன்' என்பதில் ஒரு வாளை மாட்டினேன். வசனத்தில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை என்று அப்போது பெருமைகூடப் பட்டேன். அவன் கேமுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருந்தால்தானே அக்கா அவனைச் சந்திப்பாள். சந்தித்தால் அவன் மன்னிப்புக் கேட்கும் அந்தப் பன்னிரண்டு வரியும் யார் யாருக்குச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா?

அடுத்த சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் முடித்தார்கள். சுவரில் பச்சைத் தாள். "பாத்தியா, உலகத்துல எவ்வளவு நல்லவங்க!" என்றான் தூங்குமூஞ்சி. நானும் சிரித்தேன்.

கேம் வெளியான அன்று ஒரு பிரதியை எங்கள் வீட்டுக் கூடத்து மேசைமேல் வைத்தேன். இரண்டு நாள் அது வைத்த இடத்திலேயே கிடந்தது. மூன்றாவது நாள் உறை பிரிந்திருந்தது. அதன்பின் தினமும் வீட்டுக்குள் நுழையும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா.

மூன்று வாரம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுக்குக் கடை பத்தரைக்கு. கூடத்தில் தரையில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் மழை. அவளுடைய வீரன் யாருடைய ஆட்டையோ தேடிக்கொண்டிருந்தான். நான் அவளுக்குப் பின்னால் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"அக்கா, படகுக்காரன்கிட்ட போனியா?"

"போன வாரமே முடிச்சாச்சு."

"முழுசாக் கேட்டியா?"

"மூணு தடவையும் போய் உக்காந்து கேட்டேன். ஒரு வரியைக்கூடத் தாண்டல." ஆடு கிடைத்துவிட்டது. அதை ஓட்டிக்கொண்டு போனாள். "நல்லா எழுதியிருக்கே. பேசும்போது துடுப்பை மடியில வச்சித் தடவிக்கிட்டே இருக்கான் பாரு, அது என் நோட்டுல இல்லாதது. உன்னுது."

ஏழு வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மன்னிச்சேன்னு அமுக்கினேன். வாள் குடுத்தான். கனமான வாள்."

"நிஜமாவா அக்கா?"

அவள் கேமை நிறுத்தினாள். மழை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"என்னடா நிஜமாவா? முதல்ல மன்னிக்க மாட்டேன்னுதான் அமுக்கினேன். பட்டியல்ல 'பாக்கி'ன்னு நின்னுச்சு. நாலு நாள் அப்படியே விட்டேன். தினம் தொறக்கும்போதெல்லாம் மேலயே தெரியுது, படகுக்காரன், பாக்கி, பாக்கின்னு. நான் எதையும் பாதில விட மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல? சரி போன்னு போய் மன்னிச்சேன். உடனே பச்சை டிக். எல்லாம் சுபம்."

"அது நான் நெனச்சதில்ல. எதை அமுக்கினாலும் முடியற மாதிரிதான் முதல்ல எழுதினேன். எங்க சார்தான்…"

"வைக்கச் சொன்னது அவரு. வச்சது யாரு?"

கையிலிருந்ததைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தன் மன்னிப்புக் கேட்டா, குடுக்கறதும் குடுக்காம இருக்கறதும் கேக்கப்பட்டவ கையில இருக்கணும்டா," என்றாள். குரல் ஏறவேயில்லை, லென்ஸின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஏழு வருஷமா என்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். கோவத்தையே சோறு மாதிரி தின்னுக்கிட்டு இருந்தேன்னு நெனைக்காத. என்னைக்காவது நீ வந்து கேப்ப, அன்னைக்கு என் வாயில என்ன வருதுன்னு எனக்கே பாக்கணும்னு இருந்துச்சு. இப்ப அதையும் என்னைக் கேக்காம எடுத்துக்கிட்டே."

"அக்கா, இப்பக் கேக்கறேன். வாள் இல்ல, ஒண்ணுமில்ல. நான் திருடினேன். உன் வேலையைத் திருடினேன். தப்பு பண்ணிட்டேன்க்கா."

இத்தனை வருடம் பிறர் வாயில் பேச்சை வைத்தவனுக்கு இதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்துவிட்டேனா என்று காத்திருந்தாள் போல.

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றே? எனக்குத்தான் தெரியுமே," என்றாள் கடைசியில். சமையலறைப் பக்கம் முகத்தை லேசாகத் திருப்பினாள். "தெரியாதவங்ககிட்ட சொல்லு."

"அம்மாகிட்டயா?"

"அம்மாகிட்ட."

திரையை அணைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலில் குனிந்து செருப்பின் வாரை மாட்ட ஆரம்பித்தாள். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஒரு காலை மாட்டிவிட்டு அடுத்த காலுக்கு வந்தபோது அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"என்னடா இது அதிசயம்? ரெண்டு பேரும் பேசிக்கிட்ட சத்தம் கேட்டுச்சு! என்ன விஷயம், எனக்கும் சொல்லுங்க."

அம்மாவின் முகம் பூரித்திருந்தது. வாசலில் அக்கா நிமிர்ந்தாள், ஆனால் திரும்பவில்லை. ஒரு கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது. அவள் முதுகை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லேன்டா," என்றாள் அம்மா.

வாயைத் திறந்தேன். முதல் வார்த்தை தயாராகவே இருந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்தேன்.

"கேமைப் பத்திம்மா," என்றேன்.

"அதானே பாத்தேன்! உன்கிட்ட நாலு விஷயம் கேட்டுக்கிட்டாவது அவ முன்னுக்கு வரட்டும்."

அக்கா சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.