கைபட்ட சோறு

நாகவல்லி அண்டாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். காலையிலேயே வடித்து, வெள்ளைத் துணியில் கொட்டி ஆறவைத்த சோறு. தயிர் இறங்க இறங்க விரலிடுக்கில் வழுக்கியது. உப்பு போட்டாள். ஒரு கவளத்தை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பிசைந்தாள். பக்கத்து அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுச் சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சைக்கிள் சாமான் செய்யும் கம்பெனி அது. கேன்டீனில் நாகவல்லி நாலைந்து வருஷமாக வேலை செய்தாள். அவசரத்துக்கு அவள் கரண்டி போட்டுக் கிளறினால் காண்டிராக்டர் கோவிந்தராஜே வந்து, கையால் பிசையச் சொல்வார். லேத்தில் நிற்கிறவர்கள் அவள் தயிர்சாதத்துக்காகத்தான் டோக்கன் வாங்குகிறார்கள் என்று முதலாளியிடம்கூடச் சொல்லியிருந்தார். அன்றெல்லாம் அவளுக்கு நடையே மாறிப்போயிருந்தது.

பொங்கல் கழிந்து கம்பெனியில் ஜுரம் கண்டது. பெயின்ட் அடிக்கிற இடத்தில் இரண்டு பேர் படுத்தார்கள். பிறகு லேத்தில், பிறகு பேக்கிங்கில். இறங்காமல் நாளுக்கு நாள் ஏறுகிற ஜுரம். டைபாய்டு என்றார்கள். லேத்தில் இருந்த தேவராஜ், கல்யாணமாகி ஒரு வருஷம் முடியாதவன், குடலில் ஓட்டை விழுந்து பெரியாஸ்பத்திரியில் செத்தான். அதன் பிறகுதான் மானேஜர் சுகாதார இலாகாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

வந்தவள் பத்மா என்ற இளம் டாக்டர். ஜுரத்தில் கிடந்தவர்களின் வீடுகளுக்கு அவளே போனாள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டாள். வீட்டிலிருந்து டிபன் கேரியர் கொண்டுவந்தவர்களில் யாரும் படுக்கவில்லை. கேன்டீனில் சாம்பார் சாதத்தோடு எழுந்துவிடுகிறவர்களும் படுக்கவில்லை. கொதித்ததைத் தின்றவர்களை விட்டுவிட்டு ஆறியதைத் தின்றவர்களைத்தான் ஜுரம் பிடித்திருந்தது. கேன்டீன் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்னப் பாட்டில் கொடுத்து, மலத்தில் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாகவல்லியும் சிரித்தாள்.

அடுத்த வாரம் அத்திப்பட்டில் அவள் குடிசைக்கு முன்னால் ஜீப் வந்து நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை. புருஷன் கன்னியப்பன் வேப்பமரத்தடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். அவன் பேட்டையில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். மூன்று வயது மகள் சாமுண்டி ஜீப்பின் டயரைத் தொட்டுப் பார்த்தாள்.

பத்மா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். நாகவல்லியின் பாட்டிலில் மட்டும் அந்தக் கிருமி இருக்கிறது.

"நான் நல்லாத்தானே கீறேன் டாக்டரம்மா. ஒருநாள் தலவலின்னு படுத்ததில்ல."

"உங்களை ஒண்ணும் பண்ணாதும்மா. உங்க பித்தப்பையில அது குடியிருக்கு. உங்க கையால சாப்பிடறவங்களுக்குத்தான் வரும்."

கன்னியப்பன் கத்தியை மடக்கினான். அவளுக்கு எப்போதாவது பெரிய ஜுரம் வந்ததா என்று பத்மா கேட்டாள். கல்யாணத்துக்கு முந்தி, வானகரத்தில் அம்மா வீட்டில், மாசக்கணக்கில் கிடந்ததையும் முடியெல்லாம் கொட்டிப்போனதையும் நாகவல்லி சொன்னாள். டாக்டரின் முகம் தெளிந்தது. தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்ட முகம். வேகமாக எழுதிக்கொண்டாள். பிறகு, இந்த வீட்டில் வேறு யாருக்காவது அப்படி ஜுரம் வந்திருக்கிறதா என்றாள்.

கன்னியப்பன்தான் பதில் சொன்னான். தம்பி முனியனுக்கு வந்து, பிழைத்துக்கொண்டான். அதற்கு முந்தின ஆடியில் மூத்த பெண் பொன்னிக்கு வந்தது. ஆறு வயசு.

"அந்தக் குழந்தை எங்கே?"

"பூட்ச்சி."

பத்மாவின் பேனா நின்றது. கேட்டிருக்கக்கூடாது என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். பேனாவை மூடினாள். அதெல்லாம் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஊரில் எந்தத் தண்ணீரிலிருந்தும் வந்திருக்கலாம் என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கன்னியப்பன், பாதி மழித்த முகத்தோடு, பெண்டாட்டியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜுரத்தில் எதையும் தொடாத பொன்னி, அம்மா குழைத்து ஊட்டினால் மட்டும் இரண்டு வாய் வாங்குவாள். அது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் மானேஜர் அறைக்கு வெளியே நாகவல்லி நின்றாள். உள்ளே பத்மா பேசுவது கேட்டது. கேன்டீன் ஆட்கள் போகிற கக்கூஸில் குழாய் இல்லை, சோப்பு இல்லை, ஒரு தொட்டித் தண்ணீரில்தான் எல்லாரும் கை விடுகிறார்கள்; அங்கே ஒரு குழாயும் ஒரு துண்டு சோப்பும் இருந்திருந்தால் இத்தனை பேருக்கு வந்திருக்காது என்று சொன்னாள்.

"அதான் அந்தப் பொம்பளைய நிறுத்தியாச்சே டாக்டர். அப்புறம் குழாய் எதுக்கு?" என்றார் மானேஜர்.

கோவிந்தராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் வாட்ச்மேனிடம் சொல்லி அவளைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். கேன்டீனுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அவள் பிசைந்த அண்டாவை எடைக்குப் போட்டார்கள்.

அத்திப்பட்டில் அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அதே வாரத்தில் தேவராஜின் மனைவி கண்ணம்மா வந்தாள். நிறைமாசம். அவளுடைய தம்பி சைக்கிளோடு தெருமுனையில் நின்றான். நாகவல்லி பலகையைத் துடைத்துப் போட்டாள். கண்ணம்மா உட்காரவில்லை.

"நான் அம்மா ஊட்டுக்குப் போசொல்ல, நீ சோத்துக்கு இன்னா பண்ணுவேன்னு கேட்டேன். கேன்டீன்ல ஒரு அம்மா கீது, அது கையால துன்னா ஊட்டு ஞாபகமே வராதுன்னு சொன்னாரு."

நாகவல்லி பலகையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கையக் காட்டு."

நாகவல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். கண்ணம்மா குனிந்து, தொடாமல், உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பச் சொல்லிப் புறங்கையைப் பார்த்தாள்.

"எல்லாரு கை மாரிதான் கீது," என்றாள். அப்புறம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்து போனாள்.

கன்னியப்பன் நாகவல்லியை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம் என்று அவள் நினைத்தாள். விடிந்ததும் அவனே அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினான். குழந்தைக்கு ஊற்றினான், தான் குடித்தான், அவள் பங்கைச் சட்டியோடு விட்டுவிட்டு வேலைக்குப் போனான். சில நாள் அப்படி நடந்தது. பிறகு சாமுண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் திருவேற்காட்டில் அக்கா அங்கம்மாவிடம் விட்டுவிட்டு வந்தான். நாகவல்லி ஏன் என்று கேட்கவில்லை. அன்று முழுக்கக் குழந்தையின் கிழிந்த பாவாடையை ஊறப்போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டட வேலையில் ஜல்லி சுமக்கப் போனாள். அங்கும் பெண்கள் தண்ணீர்ப் பானையைத் தள்ளி வைத்தார்கள். மேஸ்திரி அவளுக்கென்று ஒரு டப்பா கொடுத்தான்.

வாரம் தவறாமல் பாட்டிலோடு பட்டணத்துக்குப் போய்வந்தாள். மாத்திரைகள் கொடுத்தார்கள். கிருமி போகவில்லை. வயிற்றை அறுத்து அந்தப் பித்தப்பையையே எடுத்துவிட்டால் போகலாம் என்று பத்மா சொன்னாள். அவள் உடம்புக்கு அந்த ஆபரேஷன் தேவையில்லை என்பதையும், சம்மதித்தால்தான் செய்வார்கள் என்பதையும் சொன்னாள்.

"எட்த்துட்டா எம் பொண்ண நான் தொடலாமா?"

"தொடலாம். இப்பவே தொடலாம்மா, சோப்புப் போட்டுக் கை கழுவினா."

"எடுங்க," என்றாள் நாகவல்லி.

பெரியாஸ்பத்திரியில் மருத்துவ மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நோயே இல்லாமல் நோயைச் சுமக்கிறவள் என்று ஆசிரியர் அவளைக் காட்டிச் சொன்னார். அவர்கள் அவள் நாக்கையும் கண்ணையும் பார்த்தார்கள். தையல் பழுத்து அவள் நெடுநாள் கிடந்தாள். கன்னியப்பன் ஒரே ஒரு முறை வந்து, கட்டிலுக்கு எட்டி நின்று, டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனான்.

மழைக்காலம் வந்தபோது பாட்டில்கள் சுத்தமாக இருந்தன. பத்மா அவள் தோளைத் தட்டி, இனி யாருக்கும் சமைக்கலாம் என்றாள். டெல்லியில் பெரிய டாக்டர்கள் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பேசப்போவதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். நாகவல்லி நேரே வந்து, இனி சமைக்கலாமாம் என்று கம்பெனி கேட்டில் சொன்னாள். வாட்ச்மேன் உள்ளே போய்க் கேட்டு வந்து, வேலை காலியில்லை என்றான். கன்னியப்பனிடம் சொன்னாள். அக்காவைக் கேட்க வேண்டும் என்றான் அவன்.

அவன் கேட்கும் வரை அவளால் பொறுக்க முடியவில்லை. கடையில் ஒரு பன் வாங்கிக்கொண்டு, அயனம்பாக்கம் ஏரிக்கரை மேல் நடந்தாள். தையல் போட்ட இடம் இழுத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கங்கே உட்கார்ந்து எழுந்து, கூவத்தைத் தாண்டித் திருவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சாமுண்டி வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். யாரென்று ஒரு கணம் பார்த்துவிட்டு ஓடிவந்து புடவையைப் பிடித்துக்கொண்டாள். நாகவல்லி காகிதத்தைப் பிரித்துப் பன்னை எடுத்தாள். உள்ளேயிருந்து அங்கம்மா வந்து குழந்தையின் தோளைப் பற்றிப் பின்னால் இழுத்தாள். முரட்டுத்தனமாக இழுக்கவில்லை.

"அண்ணி, சுத்தமாயிட்ச்சாம். வயித்த அறுத்து எட்த்துட்டாங்க," என்று நாகவல்லி புடவையை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள்.

அங்கம்மா தழும்பைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. கண் கலங்கிவிட்டது.

"நீ சொல்ற. எனக்கு இன்னா தெரியும் நாகவல்லி? என்னை நம்பி உட்டுட்டுப் போயிக்கீறான்."

பன்னைத் துவைக்கல்லின் மேல் வைக்கச் சொன்னாள். நாகவல்லி வைத்தாள். அங்கம்மா அதில் பாதியைப் பிய்த்து, சாம்பல் குவியலில் சுருண்டு கிடந்த நாயின் முன்னால் போட்டாள். நாய் எழுந்து மோந்தது. இரண்டே வாயில் விழுங்கிவிட்டு, இன்னும் வரும் என்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

குழந்தை மீதிப் பன்னைப் பார்த்தாள். சற்றுப் பொறு என்றாள் அங்கம்மா.

மூவரும் உட்கார்ந்தார்கள். நாய் தண்ணீர் குடித்தது. காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. மறுபடி சாம்பலில் போய்ப் படுத்துக் கண்ணை மூடியபோது, அது மூச்சு விடுகிறதா என்று நாகவல்லியும் குனிந்து பார்த்தாள்.